அம்மாவின் பழைய சைக்கிளை நானே பிரித்துச் சுத்தம் செய்ய முடியுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அம்மா 1992இல் வாங்கிய கறுப்பு சைக்கிள், பார் வைத்தது, கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) போட்டது. 12 வருடமாக மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. அதை முழுதாகப் பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்து மறுபடி பூட்ட வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. "எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: "பிரித்தபின் பூட்டத் தெரியாமல், எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதாகிவிடுமா?" நியாயமான பயம்தான். அப்படிச் சாக்கோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1986இல் அறந்தாங்கியில் என் மாமாவின் வாடகை சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பிறகு கடையை நானே எடுத்து நடத்தினேன். உங்கள் அம்மா வாங்கியதாகச் சொல்லும் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்த சமயம் அது. லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பார் வைத்ததையே எடுத்து ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. ஆகவே அம்மாவின் சைக்கிளில் பார் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. என் கை பழகியது இந்த வகை சைக்கிளில்தான். கியர் சைக்கிள், டிஸ்க் பிரேக் இவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு, அவற்றுக்கு இந்தப் பதிலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, முடியுமா என்றால் முடியும். ஆனால் கடையில் 'ஓவராயில்' என்று சொல்லி ஒரே மூச்சில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவோமே, அதை நீங்கள் செய்யாதீர்கள். எங்களுக்கு எந்த நட்டு எங்கே போகும் என்பது கைக்கே தெரியும். உங்களுக்கு முறை வேறு: ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடம். திறங்கள், துடையுங்கள், கிரீஸ் வையுங்கள், பூட்டுங்கள், சுற்றிப் பாருங்கள். அது சரியாக ஓடிய பிறகுதான் அடுத்த இடம். இப்படிச் செய்தால் எந்த நிமிடத்திலும் உங்கள் முன்னால் ஒரு சைக்கிளும் ஒரு கைப்பிடி சாமானும்தான் இருக்கும். சாக்கு தேவைப்படாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும், ஆகட்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தின் ரிம்மைப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்தால் 'லொட லொட' என்கிறதா? பின் சக்கரம்? பெடல் கம்பியை, அதாவது கிராங்கை, பிரேமை நோக்கித் தள்ளி இழுத்தால் ஆடுகிறதா? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் உலுக்கினால்? ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்டமும் இல்லாமல், கரகரப்பும் இல்லாமல் சுற்றும் இடத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரேமையும் ஒருமுறை பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே, குழாய்கள் கூடும் இடத்தின் அடிப்பக்கம் பெயின்ட் சுருங்கியோ மயிரிழை போல விரிந்தோ இருந்தால், வேலையை ஆரம்பிக்காமல் வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இதை மட்டும் நேரில் பார்க்காமல் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதல் நாள் கழுவுவதோடு சரி. ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு வாளித் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். ஹோஸ் பைப்பை ஹப் பக்கம், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின் பக்கம், பீய்ச்ச வேண்டாம், மண்ணையும் தண்ணீரையும் நாமே உள்ளே அனுப்பியது போலாகும். காய்ந்ததும் துருப்பிடித்த நட்டுகள் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடித்து அல்லது மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். டபிள்யூடி-40 என்ற பெயருக்கு, தண்ணீரை விலக்க நடத்திய நாற்பதாவது முயற்சி என்பதுதான் பொருள். துருவைத் தளர்த்த நல்லது. அதையே பால்ஸுக்கும் (உள்ளே சுழலும் இரும்புக் குண்டுகள்) செயினுக்கும் எண்ணெய் என்று நினைத்து அடித்துவிட்டுப் போவது தவறு, நிற்காது.

துரு விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். புளி, எலுமிச்சை, வினிகர், கோலா. அமிலம் எதுவும் துருவைக் கரைக்கும், கூடவே நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும். நன்றாக அலசி உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் இரண்டு நாளில் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். முலாம் பூசிய ஹேண்டிலுக்கும் ரிம்முக்கும் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது போதும், அது முலாமைக் கீறுவதும் குறைவு. முலாம் உரிந்துபோன இடம் திரும்ப வராது. பிரேமில் உப்புத்தாள் போடாதீர்கள். அந்தத் தங்கக் கோடும் கம்பெனிச் சின்னமும் ஒருமுறை போனால் போனதுதான். அம்மா அதைத்தான் முதலில் தேடுவார்.

இப்போது திருகும் திசை. புதிதாக வருபவர்கள் மரையைக் கெடுப்பது பெரும்பாலும் இதில்தான். எல்லா நட்டும் இடப்பக்கமாகத் திருகினால் கழலும், மூன்று இடங்களைத் தவிர. இடது பெடல் கட்டை, பெடல் ஆக்சிலின் (இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சு) வலது கப் (பால்ஸ் உட்காரும் கிண்ணம்), ப்ரீவீலின் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்) மூடி. இந்த மூன்றும் இடது மரை, எதிர்த்திசையில் கழலும். இடது பெடலுக்கு ஏன் அப்படி வைத்தார்கள் என்றால், மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்றுதான். பெடலுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது, ஸ்பேனரை மேல்நோக்கிப் பிடித்து அதன் நுனியைப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால், எந்தப் பெடலாக இருந்தாலும் கழலும். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருந்தால் இந்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். பலர் ஏமாறுவது அங்கேதான். உங்கள் வேலைக்குப் பெடல் கட்டையைக் கழற்ற வேண்டிய தேவையே வராமல் போகலாம், அது வேறு விஷயம்.

முதலில் திறக்க வேண்டியது முன் சக்கரம். சைக்கிள் முழுவதிலும் எளிய இடம் அது. மற்ற எல்லாவற்றையும் அது கற்றுக்கொடுத்துவிடும். சைக்கிளைக் கவிழ்க்கும்போது ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் சாக்கை மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் கம்பி வளையும். தரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். பால்ஸ் உருண்டால் வெள்ளையில் தெரியும், சிமென்ட் தரையில் தெரியாது. மாமா கடையில் இதற்கென்றே ஒரு வேட்டி இருந்தது. அதைத் தாண்டி எது விழுந்தாலும் தேடிவிட்டுத்தான் சாப்பாடு.

இரண்டு பக்க நட்டையும் கழற்றி, எந்த வாஷர் எந்த வரிசையில் வந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, சக்கரத்தை வெளியே எடுங்கள். சக்கரத்தைப் படுக்க வைத்து, மேல் பக்கக் கோனை (ஆக்சிலில் திருகியிருக்கும், பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) மட்டும் கழற்றி, கீழ்ப் பக்கத்தைக் கையால் தாங்கியபடி ஆக்சிலை உருவுங்கள். பால்ஸை எண்ணுங்கள். முன் ஹப்பில் பெரும்பாலும் 3/16 இஞ்ச், பக்கத்துக்கு 10. பின் ஹப்பில் கால் இஞ்ச், பக்கத்துக்கு 9. எண்ணிக்கை உங்கள் சைக்கிளில் வேறாக வந்தால் இருந்த எண்ணிக்கையை நம்புங்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 9 என்றால் யாரோ ஒன்றைத் தொலைத்துவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

கழுவ மண்ணெண்ணெய்தான் வழக்கம். இப்போது அது கிடைப்பது அரிது, டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி அடுப்பு இருக்கும் பக்கம் தானாகப் போய்ப் பற்றிக்கொள்ளும். டீசலாக இருந்தாலும் வெளியில் உட்கார்ந்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். அழுக்கு டீசலை வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் தெளிய வைத்தால் மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

துடைத்தபின் கோனையும் கப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். பால்ஸ் ஓடிய தடம் பளபளவென்று ஒரு கோடாக இருந்தால் நல்லது. அந்தக் கோட்டில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் கோனை மாற்றிவிடுங்கள், எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் கரகரக்கும். பழைய கோனைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே மரை கேட்டு வாங்குங்கள். இந்தச் சைக்கிள்களின் அச்சு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1949இல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸே ஓர் ஆங்கிலேயக் கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான். அதனால் அளவெல்லாம் இஞ்சில் வரும், 'கிட்டத்தட்ட' பொருந்துவது மரையைக் கெடுத்துவிடும். பால்ஸை மட்டும் குழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தமாகப் புதிதாகப் போடுங்கள். விலை அற்பம். பழையதையும் புதியதையும் கலந்தால் அளவு இம்மி வித்தியாசத்தில் புதியதே முழுப் பாரத்தையும் தாங்கும்.

கப்பில் கிரீஸை விரலால் அப்பி, பால்ஸை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது. கார் சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸ் போதும். பழைய ஹப்பின் நடுவில் எண்ணெய் விட ஒரு சின்னத் துளையும் மூடியும் இருக்கும். 'அது எண்ணெய்க்குச் செய்தது, கிரீஸ் கூடாது' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எண்ணெய் விட்டால் சக்கரம் இலேசாகத்தான் ஓடும், ஆனால் அடிக்கடி விட வேண்டும். கிரீஸ் கொஞ்சம் கனம், அதிக நாள் தாங்கும். வருடத்துக்கு ஒருமுறை திறக்கப் போகும் ஆளுக்கு கிரீஸ்தான் என்பது என் கட்சி.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நாடி: கோனை எவ்வளவு இறுக்குவது. விரலால் முட்டும்வரை திருகி, பிறகு கால் சுற்றுப் பின்னால் எடுங்கள். சில சைக்கிளில் கோனுக்குப் பின்னால் தனி லாக் நட்டு இருக்கும், சிலவற்றில் போர்க்கும் (சக்கரத்தைத் தாங்கும் கவை) வெளி நட்டுமே அந்த வேலையைச் செய்யும். எதுவாக இருந்தாலும் வெளி நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் திரும்பி இறுகும். அதனால் முதல் தடவையிலேயே சரியாக அமையாது. எனக்கும் அமைந்ததில்லை. மூன்று நான்கு தடவை தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கும். சரியானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: சக்கரத்தைப் பூட்டி, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்தி விட்டுவிடுங்கள். வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாகத் திரும்பி, ஊஞ்சல் போல ஆடி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். அதே நேரம் ரிம்மைப் பிடித்து அசைத்தால் 'டக்' என்று ஆட்டம் தெரியக் கூடாது. இந்த இரண்டும் ஒருசேர வந்துவிட்டால், சைக்கிள் வேலையில் பாதி உங்கள் கைக்கு வந்துவிட்டது.

பின் சக்கரமும் இதே கதைதான். செயின் கவரைக் கழற்றுவது மட்டும் எரிச்சல், ஸ்க்ரூக்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரீவீலைத் திறக்காதீர்கள். உள்ளே கடுகு மாதிரி பால்ஸ் ஒரு கூட்டம், இரண்டு கொக்கி, மயிர் போன்ற ஸ்பிரிங். திறந்ததும் வேட்டியைத் தாண்டிப் போகும். டீசலை ஊற்றிச் சுற்றிச் சுற்றி அழுக்கை வெளியேற்றி, வடிய விட்டு, நாலு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். பின்னோக்கிச் சுற்றும்போது 'டிக் டிக்' சீராகக் கேட்டால் பிழைத்தது. சில சமயம் ஊமையாகி, மிதித்தால் வழுக்கினால் புதிது வாங்குவதே மலிவு.

செயினில் ஒரே ஒரு கண்ணியில் மட்டும் மீன் வடிவத்தில் ஒரு கிளிப் இருக்கும். அதைக் குறடால் தள்ளிக் கழற்றினால் செயின் பிரியும். டீசலில் ஊறப்போட்டு, பிரஷால் தேய்த்து, காயவைத்து, ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து சரியாக 12 இஞ்சில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அரைக்கால் இஞ்ச் தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்து நீண்டுவிட்டது, பல்சக்கரங்களும் அநேகமாகத் தேய்ந்திருக்கும். திரும்பப் பூட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் முன்னால் இருக்க வேண்டும், திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுகொள்ளும். எண்ணெய் என்றதும் வீட்டில் தேங்காயெண்ணெயை நீட்டுவார்கள். வேண்டாம், பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும். 12 வருடக் கருப்புப் பிசினில் பாதி அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று: சுற்றும் செயினைத் துணியால் பிடித்துத் துடைக்காதீர்கள். துணி பல்லில் சிக்கினால் விரலும் கூடவே போகும். எங்கள் கடைப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் நகம் போனது.

இனி பெடல் ஆக்சில், கடையில் பிபி என்போம். கிராங்க் ஆடவில்லை என்றால் இதைத் தொடவே வேண்டாம். ஆடினாலோ கரகரத்தாலோ இடது பக்கம் மட்டும் திறங்கள். கிராங்கை ஆக்சிலோடு பிடித்திருப்பது காட்டர் பின், ஒரு பக்கம் சீவிய ஆப்பு. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். கடையில் சேர்ந்த புதிதில் நட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மரையின் தலையிலேயே சுத்தியலால் சாத்தினேன். அந்தக் காட்டர் பின் வெளியே வரவில்லை. தலை காளான் மாதிரி விரிந்து உள்ளே இறுகிக்கொண்டது. கடைசியில் டிரில் போட்டுத்தான் எடுக்க முடிந்தது. மாமா திட்டவில்லை, அன்று முழுக்க அந்த ஒரு சைக்கிளை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார்.

முறை இதுதான்: நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் நுனிக்குச் சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். கிராங்கின் கண்ணுக்கு நேர் கீழே ஒரு கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துத் தரையில் ஊன்றுங்கள், காட்டர் பின் வெளியே வரும் பக்கம் குழாயின் ஓட்டைக்குள் வர வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுதும் பால்ஸ் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழும். பிறகு பட் பட்டென்று பல தட்டுத் தட்டாமல், கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. வெளியே வந்த காட்டர் பின் வளைந்திருந்தால் அதைக் காட்டி அதே பருமனில் புதிது வாங்குங்கள். இடது கப்பைச் சுற்றி இருக்கும் வளையத்தைத் தளர்த்திக் கப்பைக் கழற்றினால் பால்ஸ் வரும், பெரும்பாலும் கால் இஞ்ச், பக்கத்துக்கு 11. வலது கப்பை அதன் இடத்திலேயே விட்டு உள்ளே துணி விட்டுத் துடைத்தால் போதும். அது இடது மரை, அதோடு 30 வருடத் துரு. வீட்டு ஸ்பேனரால் அசையாது.

ஹேண்டில் திரும்பும் இடத்திலும் மேலும் கீழும் பால்ஸ் உண்டு. ஆனால் அதைத் திறக்கக் கம்பி பிரேக் முழுவதையும் பிரிக்க வேண்டும். முதல் தடவைக்கு வேண்டாம். திருப்பும்போது கட்டைக் கட்டையாகப் பிடித்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். போக்ஸ் கம்பியையும் தொடாதீர்கள். சக்கரக் கோட்டம் எடுப்பது தனி வித்தை, அதை எழுதிப் புரியவைக்க முடியாது.

12 வருடம் கிடந்த டயரும் டியூபும் விரிசல் விட்டிருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள், 28க்கு 1½ அளவு. வால்வுக்குள் இருக்கும் வால்டியூபும் புதிது. பிரேக் கட்டைகள் கல்லாகியிருக்கும், அவையும் புதிது. பழைய கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்து, புதியது டயரில் படாமல் ரிம்மில் மட்டும் படும்படி வையுங்கள். கிரீஸ் கையால் ரிம்மைத் தொடாதீர்கள். தொட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

காட்டர் பின்களைப் பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வலது பெடல் மேலே இருக்கும்போது அதன் நட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இடது பெடல் மேலே வரும்போது அதன் நட்டும் அதே பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வராது, நொண்டி அடிக்கும். பின்னைத் தட்டி இறக்கிய பிறகுதான் நட்டு. நட்டால் பின்னை இழுக்க நினைத்தால் மரை போய்விடும். பூட்டி முடித்ததும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, முட்டுக் கொடுத்து மறுபடி ஒரு தட்டு, நட்டுக்கு ஒரு இறுக்கு. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஆப்பு மிதிபட்டுத்தான் முழுதாக உட்காரும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக் டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓட்டாதீர்கள், கிராங்கின் கண்ணே பெரிதாகிவிடும். கோனிலோ கப்பிலோ குழி மாதிரி தெரிந்து, மாற்றுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், துடைத்துவிட்டு வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.